மைஎஸ்க்யூஎல்லை வேறு டிஸ்க்குக்கு மாற்றும்போது ஆப்ஆர்மரைச் சமாளிப்பது எப்படி?

போன மாதம் எங்கள் உபுன்டு சர்வரில் ரூட் டிஸ்க் நிரம்பி வழிந்தது. புது டிஸ்க்கை மாட்டி, /டேட்டா என்று மவுண்ட் செய்து, மைஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் மென்பொருள்) டேட்டாவை ஆர்சிங்க் -ஏவி (ஃபைல்களை நகலெடுக்கும் கட்டளை) போட்டு அங்கே நகர்த்தினேன். கான்ஃபிக் ஃபைலில் டேட்டாடிர் (டேட்டா இருக்கும் இடம்) வரியையும் மாற்றியாயிற்று. சர்வீஸ் மட்டும் கிளம்பவில்லை. எரர் லாகில் ‘எர்னோ 13, பெர்மிஷன் டினைடு’. உரிமையாளர் சரி, குரூப் சரி. எரிச்சலில் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கூடக் கொடுத்துப் பார்த்தேன் (நீங்கள் செய்யாதீர்கள்). சாமி வரம் கொடுத்தும் பூசாரி விடவில்லை. இங்கே பூசாரி ஆப்ஆர்மர்.

சிஎச்மோட், சிஎச்ஓன் எல்லாம் ஃபைலின் உரிமையாளர் தரும் அனுமதி. ஆப்ஆர்மர் அதற்கு மேல் கர்னல் வைக்கும் இன்னொரு சோதனை. எந்த புரோகிராம் எந்தப் பாதையைத் தொடலாம் என்று புரோஃபைலில் எழுதியிருக்கும். அதில் இல்லாததைத் தொட முடியாது. பழைய இடத்தில் சிம்லிங்க் (புது இடத்தைச் சுட்டும் குறுக்குவழி) வைத்து ஏமாற்றலாம் என்று நினைக்காதீர்கள், ஆப்ஆர்மர் உண்மையான பாதையைத்தான் பார்க்கும். (ரெட்ஹாட் பக்கம் செலினக்ஸ் இதையே லேபிள் ஒட்டிச் செய்கிறது. அது வேறு கதை.)

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

1. தடுப்பது யார் என்று உறுதி செய்யுங்கள்

சூடோ ஜர்னல்சிடிஎல் -கே | கிரெப் டினைடு

கிரெப்பில் அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தர வேண்டும். வரும் வரியில் மூன்றைப் பாருங்கள்: புரோஃபைல் (யார்), நேம் (எந்த ஃபைல்), ரெக்வெஸ்டட்_மாஸ்க் (என்ன கேட்டது). ஒரு வரியும் வரவில்லையா? அப்படியானால் சாதாரண பெர்மிஷன் பிரச்சினையாக இருக்கலாம். நேம்ஐ -எல் போட்டால் பாதையின் ஒவ்வொரு படிக்கும் உரிமை தெரியும். எல்எஸ்ஸை விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

2. விதியை எழுதுங்கள்

/எட்சி/ஆப்ஆர்மர்.டி/லோக்கல் கோப்பகத்தில் யுஎஸ்ஆர்.எஸ்பின்.மைஎஸ்க்யூஎல்டி என்ற ஃபைலைத் திறந்து இரண்டு வரி சேருங்கள்:

/டேட்டா/மைஎஸ்க்யூஎல்/ ஆர்,
/டேட்டா/மைஎஸ்க்யூஎல்/** ஆர்டபிள்யூகே,

முதல் வரி கோப்பகத்துக்கு, அடுத்தது உள்ளே இருப்பவைக்கு. ஆர் படிக்க, டபிள்யூ எழுத, கே என்பது லாக் செய்யும் உரிமை. கே இல்லாமல் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின்) நகராது. வரி முடிவில் கமா கட்டாயம்.

டினைடு வரியில் ‘சி’ என்று வந்தால் புது ஃபைல் உருவாக்கக் கேட்கிறது என்று பொருள். அந்த எழுத்தை அப்படியே விதியில் போட்டால் பார்சர் (விதிகளைப் படித்து ஏற்றும் கருவி) ஏற்காது, டபிள்யூதான் போட வேண்டும்.

மெயின் புரோஃபைலில் கை வைக்காதீர்கள். அடுத்த அப்கிரேடில் ‘உன்னுடையதா, என்னுடையதா’ என்று டிபிகேஜி (உபுன்டுவில் பேக்கேஜ்களை நிறுவும் கருவி) கேட்கும், ராத்திரி அவசரத்தில் தவறான விடையை அழுத்துவோம்.

நான் ஒரு மணி நேரம் தொலைத்தது இங்கேதான். விதி எழுதினேன், ரீலோட் செய்தேன், அதே டினைடு. கமா பார்த்தேன், எழுத்துப்பிழை பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் பார்த்தால், முந்தைய வாரம் மெயின் புரோஃபைலைச் ‘சுத்தம்’ செய்கிறேன் என்று # போட்ட வரிகளை எல்லாம் நீக்கியிருந்தேன். அதில் லோக்கல் ஃபைலை இழுத்து வரும் #இன்க்ளூட் வரியும் போய்விட்டது. மற்ற # வரிகள் கமெண்ட்தான், ஆனால் #இன்க்ளூட் கமெண்ட் இல்லை! புதிய புரோஃபைல்களில் # இல்லாமலே எழுதுகிறார்கள், நல்லது.

3. ஏற்றிப் பாருங்கள்

சூடோ ஆப்ஆர்மர்_பார்சர் -ஆர் /எட்சி/ஆப்ஆர்மர்.டி/யுஎஸ்ஆர்.எஸ்பின்.மைஎஸ்க்யூஎல்டி

பிறகு மைஎஸ்க்யூஎல்லை ரீஸ்டார்ட் செய்து, சூடோ ஏஏ-ஸ்டேட்டஸ் அடியுங்கள். மைஎஸ்க்யூஎல்டி என்ஃபோர்ஸ் (விதியை மீறினால் தடுக்கும்) பட்டியலில் இருக்க வேண்டும்.

இன்னும் மாட்டினால் ஏஏ-கம்ப்ளெய்ன் போட்டு ஒரு நாள் ஓடவிடுங்கள். தடுக்காமல் லாகில் மட்டும் எழுதும். விதிகளைத் திருத்தியதும் ஏஏ-என்ஃபோர்ஸ் போட மறக்காதீர்கள். ஏஏ-லாக்புரோஃப் கேள்வி கேட்டுக் கேட்டு விதியை எழுதித் தரும் என்பார்கள். புதியவர்கள் எல்லாவற்றுக்கும் ‘அலோ’ அழுத்திவிடுவார்கள், நான் கையால்தான் எழுதுவேன்.

அப்டேட்: ‘டினைடு போய்விட்டது, ஆனாலும் கிளம்பவில்லை’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சில உபுன்டு பதிப்புகளில் ஸ்டார்ட் ஸ்கிரிப்ட் பழைய இடத்தில் கோப்பகம் இருக்கிறதா என்று பார்க்கும். எம்கேடிர் -பி /வார்/லிப்/மைஎஸ்க்யூஎல்/மைஎஸ்க்யூஎல் என்று காலியாக ஒன்று உருவாக்கி வையுங்கள், கிளம்பிவிடும்.