அப்பாவின் பொலித்தீன் பை

2009இல் வன்னி யுத்தத்தில் இடம்பெயர்ந்து ஓடும்போதும் அப்பா காணிப் பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தார். பேப்பர் தப்பிவிட்டது. எது யாருக்கு என்று மட்டும் அவர் எழுதி வைக்கவில்லை. அண்ணனும் தங்கச்சியும் இன்றுவரை கதைப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஆகாமல் இருக்க, காணி யாருக்கு என்று இப்போதே எழுதி வையுங்கள். முதலில் அது என்ன காணி என்று பாருங்கள். எங்கள் விசுவமடு வயல் பேமிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி. அதற்கு உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போய்ப் பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பிறகு காணி யாருக்கோ அவரை, நியமித்துப் பதியவேண்டும். பதியாமல் விட்டால் மனைவி ஆயுள்வரை வைத்திருக்கலாம், ஆனால் விற்கவோ பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவோ முடியாது. அம்மா அப்படித்தான் மாட்டிக்கொண்டார். தங்கச்சிக்கு அரை ஏக்கர் கொடுக்க ஆசை, வழியில்லை.

உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணி என்றால் மரணசாசனம் (உயில்) எழுதுங்கள். நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் 2 சாட்சிகள் போதும். நொத்தாரிசு இல்லாவிட்டால் 5 சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்கவேண்டும். சொத்துப் பெறப்போகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். வங்கிக் கணக்குக்கும், உங்களுக்குப் பிறகு காசை எடுக்கவேண்டிய நியமனதாரர் பெயரைக் கொடுத்துவிடுங்கள், அது சின்ன வேலை.

உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். யுத்தத்துக்குப் பிறகு எங்கள் ஒழுங்கையிலேயே பல பேர் அப்படித்தான் எடுத்தார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிவிட்டு எழுதுங்கள். நான் போன தைப்பொங்கலன்று சொன்னேன். மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பொங்கல் சாப்பிடாமலே எழும்பிப் போனான். சரி, இரவு வந்து சாப்பிட்டான்.