டோனி பென்னின் வாழ்க்கையைக் கட்டுரையாக எழுதுவது எப்படி?

பிரிட்டனின் தொழிற்கட்சித் தலைவர்களில் டோனி பென்னைப் பற்றி எழுத உட்காருகிறவருக்கு, அவர் வாயிலிருந்த புகைக்குழாயும் கையிலிருந்த பெரிய தேநீர்க் குவளையும்தான் முதலில் நினைவுக்கு வரும். அவற்றைச் சற்றுத் தள்ளிவையுங்கள். மக்கள் வாக்களித்துக் கொடுத்த இடத்தை வேறு யாரேனும் பறிக்கலாமா என்ற கேள்வி அவருடைய வாழ்க்கை நெடுகிலும் ஓடுகிறது. கட்டுரையையும் அந்தக் கேள்வியில் தொடங்குவதே சரியான வழி.

ஆகவே 1925 ஏப்ரல் 3 என்ற பிறந்த நாளை ஒரு வரியில் சொல்லிவிட்டு, நேரே 1942-க்கு வந்துவிடலாம். அந்த ஆண்டில்தான் அவருடைய தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென், விஸ்கவுண்ட் ஸ்டான்ஸ்கேட் என்ற பிரபுப் பட்டத்தை ஏற்றார். திருச்சபைப் பணிக்குச் செல்ல எண்ணியிருந்த மூத்த மகன் மைக்கேலுக்கு அந்தப் பட்டம் தடையாக இராது என்பதால் குடும்பம் அதற்கு இசைந்தது. ஆனால் விமானப்படையில் இருந்த மைக்கேல் 1944-இல் இறந்துபோக, பட்டத்தின் வாரிசுரிமை இளையவரான டோனியின் மேல் விழுந்தது. இந்த இழப்பைச் சொல்லாமல் விட்டால், அடுத்து வரும் சட்டப் போராட்டம் வாசகருக்கு வெறும் பிடிவாதமாகத் தெரியும்.

இனி வரும் மூன்றாண்டுகளுக்குக் கட்டுரையில் தாராளமாக இடம் கொடுங்கள். 1950 முதல் தென்கிழக்கு பிரிஸ்டல் தொகுதியின் உறுப்பினராக இருந்த பென், 1960 நவம்பரில் தந்தை இறந்ததும் பிரபுவாகிவிட்டார். பிரபு ஒருவர் மக்கள் சபையில் அமர முடியாது என்பதால் பதவியை இழந்தார். 1961 மே மாத இடைத்தேர்தலில் அவர் மீண்டும் நின்று 13,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றபோதும், தேர்தல் நீதிமன்றம் அந்த இடத்தைத் தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் மால்கம் செயின்ட் கிளேருக்கு அளித்தது. 1963 ஜூலை 31 அன்று, பட்டத்தைத் துறக்க வழிசெய்யும் சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்த அன்றைக்கே, பென் தம் பட்டத்தைத் துறந்தார். செயின்ட் கிளேரும் பதவி விலகி வழிவிட்டார். அந்த நல்லியல்பைக் குறிப்பிடுவது நேர்மை. அதே சட்டத்தைக் கொண்டுதான் ஹோம் பிரபு அவ்வாண்டு அக்டோபரில் பட்டத்தைத் துறந்து, கன்சர்வேட்டிவ் பிரதமராக மக்கள் சபைக்குள் வந்தார் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அச்சட்டத்தின் வீச்சு விளங்கும்.

அமைச்சர் பதவிகளை வரிசையாக அடுக்கவேண்டியதில்லை. 1964 முதல் 1966 வரை தபால்துறைத் தலைவராக இருந்தபோது, தபால்தலையிலிருந்து அரசியின் தலையை எடுத்துவிட அவர் முயன்றதும், கடைசியில் அது ஓரத்தில் சிறிய நிழலுருவாக நிலைத்ததும் ஒன்றே அக்காலத்துக்குப் போதும். 1975-இல், ஐரோப்பியச் சமூகத்தில் பிரிட்டன் நீடிப்பதா விலகுவதா என்ற பொதுவாக்கெடுப்பைக் கேட்டு வாங்கியவர்களில் முன்னணியில் நின்றவர் அவர். அதில் விலகல் தரப்பில் நின்று தோற்று, தொழில்துறையிலிருந்து எரிசக்தித் துறைக்கு மாற்றப்பட்டார். 1981-இல் கட்சியின் துணைத்தலைவர் பதவிக்கு டெனிஸ் ஹீலியிடம் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோற்றதை எழுதும்போது, கட்சிக்குள் இருந்த பிளவையும் பென்னால் வந்த கசப்பையும் மறைக்காதீர்கள். நாயகன்மேல் அன்பிருக்கலாம்; எதிர்தரப்பின் நியாயத்தை விழுங்கிவிட்டு எழுதினால் அது வாழ்க்கை வரலாறாகாது.

ஆதாரங்களைப் பொறுத்தவரை, ஒலிப்பதிவுக் கருவியில் அவர் நாள்தோறும் பேசிப் பதிந்துவைத்த நாட்குறிப்புகள் பெரும் செல்வம். ஆயினும் ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொன்னவை அவை என்பதால், சபையில் நடந்ததை எழுதும்போதெல்லாம் நாடாளுமன்ற உரைப் பதிவான ஹான்சார்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் கூறியதாக உலவும் சுவையான வரிகளில், நாள் குறிப்பிட்டுப் பதிவில் காட்ட முடிந்தவற்றை மட்டும் எடுத்தாளுங்கள்.

அப்படித் தேடும்போது கிடைக்கும் ஒரு செய்தியைக் கட்டுரையின் இறுதிக்கு எடுத்துவையுங்கள். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி வைல்டிங் டேவிசன், 1911 ஏப்ரல் 2 அன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில், தம் இருப்பிடம் நாடாளுமன்றம் என்று பதிவாகவேண்டும் என்பதற்காக, நாடாளுமன்றக் கட்டடத்துச் சிற்றாலயமான செயின்ட் மேரி அண்டர்கிராஃப்டிலுள்ள துடைப்ப அறை ஒன்றில் ஒளிந்திருந்தார். அதை நினைவுகூரும் பலகையை யாருடைய அனுமதியும் கேளாமல் தம் கையாலேயே திருகாணி போட்டு மாட்டியதாகப் பென் சபையிலேயே சொல்லியிருக்கிறார். 2014 மார்ச் 14 அன்று அவர் காலமானபின், இறுதிச்சடங்குக்கு முந்தைய இரவில் அவருடைய உடல் அதே சிற்றாலயத்தில்தான் வைக்கப்பட்டிருந்தது.