திருகோணமலையில் வீழ்ந்தவர், கிராஞ்சியில் கிடைத்தார்

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானியர் திருகோணமலையைத் தாக்கிய அன்று, சீனக்குடாவில் இருந்து ஹரிக்கேன் போர் விமானத்தில் எழும்பித் திரும்பாத விமானி ஒருவரை வவுனியாவில் இருந்தபடி தேடினேன். திருகோணமலைப் போர்க் கல்லறைப் பட்டியலில் ஆளே இல்லை.

சரி என்று, பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் தரவுத்தளத்தில் இடத்தை விட்டுவிட்டு, இறந்த திகதியையும் விமானப்படையையும் மட்டும் கொடுத்தேன். வந்துவிட்டார்! சிங்கப்பூர், கிராஞ்சி நினைவிடம். ஆசியாவின் இந்தப் பக்கம் பறந்து, கல்லறை தெரியாமல் போன பிள்ளைகளின் பெயர்களை அங்கேதான் பொறித்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் இருந்து பறந்து காணாமல் போனவர் என்றால் இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவிடத்தில் பாருங்கள்.

அப்புறம் அவருடைய விமானப் படையணியின் நாட்குறிப்பேடு. லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் ‘ஏர் 27’ வரிசை. அதில் 541ஆம் படிவத்தில்தான் யார், எந்த விமானத்தில், எத்தனை மணிக்கு எழும்பினார் என்று எழுதுவார்கள். இறங்கிய நேரமும் அதே வரியில்தான்.