பாக்கெட் ஜூம் கேமரா வாங்கும் முன் போட வேண்டிய ஒரு கணக்கு

கால்சட்டைப் பையில் அடங்க வேண்டும், ஏரி நடுவில் நிற்கும் கொக்கையும் இழுத்துக் காட்ட வேண்டும். இப்படி ஒரு கேமரா மேல் ஆசை வந்தவர் கண்ணில் முதலில் படுவது பெட்டி மேல் அச்சிட்ட 30எக்ஸ், 40எக்ஸ் என்ற எண்தான். அதை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். லென்ஸின் நீண்ட முனையை (முழு ஜூமில் உள்ள மி.மீ. அளவை) குறுகிய முனையால் (ஜூம் செய்யாதபோது உள்ள அளவால்) வகுத்தால் வரும் விகிதம் அது, அவ்வளவுதான். 24 மி.மீ.யில் தொடங்கி 720 மி.மீ.யில் முடிந்தால் 30எக்ஸ். எவ்வளவு தூரம் எட்டும் என்பதைச் சொல்வது அந்த 720. விவரப் பட்டியலில் '35 மி.மீ. கேமராவுக்குச் சமமான குவியத் தூரம்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் பிடியுங்கள்.

இப்போது கணக்கு. எடுக்கப்போகும் பொருள் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறதோ அதை 36ஆல் பெருக்கி, குவியத் தூரத்தால் வகுங்கள். படத்தின் அகலத்துக்குள் எத்தனை மீட்டர் அடங்கும் என்பது விடை. 30 மீட்டர் தள்ளி மின்கம்பியில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கிறது, அலகோடு சேர்த்து நீளம் ஏறத்தாழ 28 செ.மீ. 720 மி.மீ.யில் படத்தின் அகலம் 1.5 மீட்டர், பறவை அதில் ஐந்தில் ஒரு பங்கு. சிறகின் நீலமும் அலகின் சிவப்பும் தெளிவாகத் தெரியும். 5எக்ஸ் டெலி, அதாவது தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸ் உள்ள போனில், சுமார் 120 மி.மீ.யில், அகலம் 9 மீட்டர். பறவை ஒரு புள்ளி. ஆனால் பள்ளி ஆண்டு விழாவில் 15 மீட்டர் தள்ளி உட்கார்ந்து குழந்தையின் நடனத்தை எடுப்பவருக்கு 200 மி.மீ.யே போதும். அகலம் 2.7 மீட்டர் வரும். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் ஆள் தலை முதல் கால் வரை தாராளமாக அடங்குவார்.

எட்டுவது பாதிதான், மீதிப் பாதி வெளிச்சம். 720 மி.மீ. எட்டும் பாக்கெட் கேமராக்களில் இருப்பது 1/2.3 அங்குல சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), சுமார் 6.2 × 4.6 மி.மீ. ஒரு அங்குல சென்சார் என்று சொல்லப்படுவது 13.2 × 8.8 மி.மீ.; பரப்பு நான்கு மடங்குக்கும் சற்று அதிகம். ஐஎஸ்ஓ என்பது சென்சார் ஒளியை உணரும் அளவு; ஏற்ற ஏற்ற இரைச்சல், அதாவது படத்தில் பொடிப்பொடியான புள்ளிகள் கூடும். சின்ன சென்சாரில் ஐஎஸ்ஓ 400இல் வரும் இரைச்சல் ஒரு அங்குலத்தில் 1600இல்தான் வரும். சின்ன சென்சார் கேமராவில், முழு ஜூமில் லென்ஸின் திறப்பு எஃப்6.4 அளவுக்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறுக்கும்). மாலையில் மர நிழலில் அந்தத் திறப்பில், ஐஎஸ்ஓ 400இல், ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், 1/50 நொடிக்கு இறங்கிவிடலாம். பறவை தலையைத் திருப்பினாலே படம் கலங்கும். ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினால் இறகெல்லாம் மெழுகு பூசியது போல் வழுவழுத்துவிடும்.

ஆக, காலை வெயிலில் பறவை, கோபுரத்துச் சிற்பம், நிலா என்றால் சின்ன சென்சாரும் நீண்ட ஜூமும்: பானசோனிக் டிஇசட்99 (24–720), சோனி எச்எக்ஸ்99 (24–720), கேனன் எஸ்எக்ஸ்740 எச்எஸ் (24–960). மேடை, கல்யாணம், மாலை நேரம் என்றால் ஒரு அங்குலம்: பானசோனிக் டிஇசட்200 (24–360), சோனி ஆர்எக்ஸ்100 வரிசையின் ஏழாவது (24–200). எச்எக்ஸ்99இல் மேலெழும்பும் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு கண்ணாடி) உண்டு, டிஇசட்99இல் இல்லை. உச்சி வெயிலில் திரை மங்கும்போது பறவையைத் தேட வியூஃபைண்டர் பெரிய உதவி. புருவத்தில் அழுத்திப் பிடிப்பதால் கை நடுக்கமும் குறையும். பறவைக்காகவே வாங்குகிறவர் இதை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சில ஆயிரம் ரூபாய்க்கு '4கே, 18எக்ஸ்' என்று ஆன்லைனில் விற்கும் பெயர் தெரியாத கேமராக்களைத் தொடாதீர்கள். அவற்றில் பெரும்பாலும் டிஜிட்டல் ஜூம்தான். படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கும் வேலை. ஆன் செய்தால் லென்ஸ் வெளியே நீளாது, விவரத்தில் குவியத் தூர வரம்பும் இருக்காது.

பழைய கேமரா வாங்கினால் கடையிலேயே பத்து முறை ஜூமை முழுக்க நீட்டி மடக்குங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ பாதியில் நின்றாலோ உள்ளே மணல் போயிருக்கலாம். அடுத்து, வெள்ளைச் சுவரையோ வெறும் வானத்தையோ எஃப்8இல், ஜூமை முழுக்க நீட்டி எடுங்கள். சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தால் சென்சாரில் தூசு. லென்ஸ் ஒவ்வொரு முறை நீளும்போதும் காற்றோடு தூசையும் உள்ளே இழுக்கும். கேமராவைப் பிரித்தால்தான் துடைக்க முடியும். பிறகு செங்கல் சுவரை நேராக நின்று எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிடுங்கள். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் கீழே விழுந்த கேமராவாக இருக்கலாம். சோனியில் மெனு மொழியையும் மாற்றிப் பாருங்கள். ஜப்பானில் விற்பதற்கென்று செய்ததில் ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும்.

வாங்கிய பிறகு முதலில் செட்டிங்கில் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். முழு ஜூமில் பறவை திரைக்குள் சிக்காது; குறுகிய முனையில் பறவையை நடுவில் வைத்துக்கொண்டு மெதுவாக நீட்டுங்கள். ஷட்டர் வேகத்தை நீங்களே வைக்கும் முறைக்குப் போய், உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/250, அசைவதற்கு 1/1000. முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டி, மூச்சை விட்டு நிறுத்தி, மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து எடுங்கள். பட்டனை அழுத்தும் வேகத்தில் முதல் படம் அசைந்திருக்கும், அடுத்தடுத்தவை தேறும்.

நிலா ஆட்டோவில் வெள்ளைத் தட்டாகத்தான் விழும், ஏனென்றால் கேமரா கறுப்பு வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எல்லா அளவையும் நீங்களே வைக்கும் மேனுவல் முறையில் ஐஎஸ்ஓ 100, எஃப்6.9, 1/250 என்று வையுங்கள். 960 மி.மீ.யில் முழு நிலா படத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும், பள்ளங்களின் விளிம்பு வரை தெரியும். முழு நிலவை விட அரை நிலவில் நிழல் நன்றாக விழும்; அதற்கு 1/60 அளவுக்கு இறங்குங்கள்.

பகல் 11 மணிக்கு மேல் தார்ச்சாலைக்கோ வயலுக்கோ அப்பால் 100 மீட்டர் தள்ளி எடுத்தால் எந்த லென்ஸும் உதவாது. சூடான காற்று அலையடித்து விளிம்பெல்லாம் கரைந்துபோகும். படம் கலங்கியதும் கேமராவைக் குறை சொல்லாமல், மறுநாள் காலை எட்டு மணிக்குள் அதே இடத்தில் நின்று எடுத்துப் பாருங்கள்.

கடற்கரையில் காற்று வீசும்போது லென்ஸை நீட்டவே வேண்டாம். வீட்டில், மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் லென்ஸுக்குள் பூஞ்சை படரும். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது வறுத்து உலர்த்த வேண்டும் என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்.