திருகோணமலையிலிருந்து ரொறன்ரோ: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நீங்களே கணக்கிடுங்கள்

டிக்கெற்றில் காலை 10 மணிக்குக் கட்டுநாயக்க (கொழும்பு விமான நிலையம்), அன்றிரவு 10 மணிக்கு ரொறன்ரோ என்று போட்டிருந்தால், பயணம் 12 மணி நேரம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைகளைப் பார்க்கப் போகும் அம்மா, அப்பாவுக்கு மருந்தும் சாப்பாடும் ஓய்வும் எப்போது என்று திட்டமிட, உண்மையான நேரம் தெரிந்தே ஆகவேண்டும்.

படி 1: தூரம்

கிரேட் சேர்க்கிள் மெப்பர் என்ற இணையதளத்தில் விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை நடுவில் ஒரு கோடு போட்டு எழுதுங்கள். கட்டுநாயக்கவுக்கு சி.எம்.பி., ரொறன்ரோவுக்கு ஒய்.ஒய்.இசட். சுமார் 14,000 கிலோமீற்றர் வரும். மைலில் காட்டினால் 1.609 ஆல் பெருக்குங்கள்.

வரைபடத்தில் அந்தக் கோடு ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வடக்கே வளைந்து போகும். பயப்படத் தேவையில்லை. பூமி உருண்டை என்பதால் அதுதான் குறுக்குவழி; தட்டையான வரைபடத்தில் வளைவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

நேரடி விமானம் இல்லாததால் வழியில் மாற வேண்டும். டுபாய் வழி என்றால் 3,290, அப்புறம் 11,080. கூட்டினால் ஏறக்குறைய 370 கிலோமீற்றர்தான் அதிகம். தூரத்தில் பெரிய நட்டம் இல்லை. நேரத்தைத் தின்பது காத்திருப்புத்தான்.

படி 2: பறக்கும் நேரம்

பெரிய ஜெட் விமானம் மணிக்கு 900 கிலோமீற்றர் அளவில் போகும். தூரத்தை 900 ஆல் வகுத்து, ஏறி இறங்க அரை மணி நேரம் சேருங்கள். மேற்கு நோக்கிய நீண்ட பயணத்தில் எதிர்க்காற்று இருக்கும். அதற்கு இன்னும் ஒரு மணி நேரம். டுபாய்க்கு நாலரை, அங்கிருந்து ரொறன்ரோவுக்கு 14 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இடையில் 3 மணி நேரக் காத்திருப்பு. மொத்தம் இருபத்தொன்றரை.

படி 3: கடிகாரம்

பலர் குழம்புவது இங்கேதான். டிக்கெற்றில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ரொறன்ரோ நம்மைவிடக் கோடையில் 9.30 மணி நேரமும், குளிர்காலத்தில் 10.30 மணி நேரமும் பின்னால் இருக்கிறது. காலை 10 மணியோடு 21.30 ஐக் கூட்டினால் நமக்கு மறுநாள் காலை 7.30. கோடை என்றால் அதிலிருந்து 9.30 ஐக் கழியுங்கள்: முதல்நாள் இரவு 10 மணி. டிக்கெற் சரி. ஆனால் அம்மாவின் உடம்புக்கு அது விடிந்துவிட்ட நேரம். பிரஷர், சீனி மருந்துகளை எந்த நேரத்தில் எடுப்பது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, கைப்பையிலேயே வையுங்கள்.

படி 4: நம்ம ஊர்ப் பகுதி

திருகோணமலைச் சீனக்குடாவில் ஓடுபாதை இருந்தாலும் இந்தப் பயணம் தொடங்குவது கட்டுநாயக்கவில். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வான் வண்டியில் ஐந்தாறு மணி நேரம். விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகவே அங்கு நிற்க வேண்டும். ஆகவே காலை 10 மணி விமானத்துக்கு நள்ளிரவு 1 மணிக்கே வீட்டிலிருந்து கிளம்புங்கள். வாசலிலிருந்து எண்ணினால் 30 மணி நேரத்துக்கும் மேல்! வயதானவர்கள் என்றால், 3 மணி நேரத்துக்குக் குறைந்த காத்திருப்பை நான் எடுக்கவே மாட்டேன், விலை மலிவாக இருந்தாலும். சக்கர நாற்காலியை டிக்கெற் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். எதிர்க்காற்றுக்காகச் சேர்த்த அந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டு, 9.30 ஐ (குளிர்காலத்தில் 10.30 ஐ) கழிப்பதற்குப் பதில் கூட்டுங்கள்.