கல்வளைவுப் பாலத்தை அடியிலிருந்து பாருங்கள்

பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் பக்கம் தோட்டப் பாதையில் கல்வளைவுப் பாலம் பழுது என்று கூப்பிட்டால், தண்ணீர் குறைந்த நாளாகப் பார்த்து நேரே ஓடைக்குள் இறங்கிவிடுவேன். மேலே தார் எல்லாவற்றையும் மூடியிருக்கும்.

கைவிளக்கை வளைவின் உட்புறத்தில் சாய்த்துப் பிடியுங்கள். முதலில் கட்டியவர்கள் கற்களின் சந்துகளை மாற்றி மாற்றி வைத்துப் பூட்டியிருப்பார்கள். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை சந்து ஒரே நேர்கோடாக ஓடினால், பாலத்தைப் பிறகு அகலப்படுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். திருநெல்வேலியில் 1843இல் திறந்த சுலோசன முதலியார் பாலமும் பின்னாளில் அகலமாக்கப்பட்டதுதான். பழையதும் புதியதும் ஒரே அளவில் மண்ணில் இறங்குவதில்லை. அதனால் அந்தக் கோட்டில் விரிசல் வரும். விரிசலின் குறுக்கே மெல்லிய சாந்து வில்லை ஒட்டி, தேதியைக் கீறி வையுங்கள். வில்லை பிளந்தால் கல் இன்னும் நகர்கிறது. பூச்சு வேலையைத் தொடங்காதீர்கள்.

சந்துகளில் சிமெண்ட் வேண்டவே வேண்டாம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சிமெண்ட் இறுகி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். பிறகு கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். பழைய சாந்தை உளியால், சந்தின் அகலத்தைப்போல் இரு மடங்கு ஆழத்துக்குச் சுரண்டுங்கள். கிரைண்டர் இயந்திரம் வேண்டாம், அது கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். புதிய சாந்துக்கு நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணலில் உப்பு இருக்கிறது, தொடாதீர்கள். சந்தை நனைத்து, சாந்தை அழுத்தி நிரப்பி, ஈரச் சாக்குப் போர்த்துங்கள். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு மெல்ல இறுகும். நம் பினாங்கு மழை அதை அடித்துக்கொண்டு போகாமல் மேலே தார்ப்பாய் கட்டுங்கள். நீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள். அரசங்கன்று முளைத்திருந்தால் பிடுங்காமல் வெட்டுங்கள். பிடுங்கினால் வேரோடு கல்லும் பெயர்ந்து வரும்.

பாரம்பரியப் பதிவேட்டில் உள்ள பாலமானால் மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி முன் அனுமதி வாங்குங்கள்.

“லாரி போகவேண்டும் அண்ணே, மேலே கான்கிரீட் போடுங்கள்” என்பார்கள். பொறியாளர் கணக்குப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். வளைவை நிலையாக அழுத்தி வைப்பதில் மேலிருக்கும் மண்ணின் பாரத்துக்கும் பங்கு உண்டு. ஒரு கரையில் மட்டும் மண்ணை வாரினால் வளைவு அந்தப் பக்கமாகவே பிதுங்கிச் சரியும். தோண்டித்தான் ஆகவேண்டுமென்றால், அடியில் மரச்சாரம் முட்டுக்கொடுத்து, இரு பக்கமும் சமமாக, அடுக்கடுக்காக எடுங்கள். மண்ணைத் திரும்ப நிரப்பும்போதும் அதே முறைதான்.