ஏ, ஆன், தி: எதை எங்கே போடுவது?

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் ஏ (a), ஆன் (an), தி (the) பற்றித்தான் பேசப்போகிறோம். ஒருமை, பன்மை தெரிந்தால் போதும், நேரே விஷயத்துக்குப் போகலாம்.

முதலில், அந்தப் பெயர்ச்சொல்லை எண்ண முடியுமா என்று பாருங்கள். எண்ண முடிகிற ஒருமைக்குத்தான் ஏ, ஆன். நாம் 'ஒரு தகவல்' என்போம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ் எதற்கும் ஏ ஒட்டாது. இதை ஊகிக்க வேண்டாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கேம்பிரிட்ஜ் அகராதியைத்தான் நான் பரிந்துரைப்பேன். சொல்லுக்குப் பக்கத்தில் சி (C) என்றால் எண்ணலாம், யு (U) என்றால் எண்ண முடியாது.

அடுத்து, ஏவா தியா? இங்கேதான் நான் நெடுநாள் நின்றேன். 'குறிப்பிட்ட பொருளுக்குத் தி' என்று மட்டும் சொன்னால் போதாது. யாருக்குக் குறிப்பிட்டது? நேற்று வாங்கிய புத்தகம் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் முதல் தடவை சொல்லும்போது 'ஐ பாட் ஏ புக்' தான். தெரிந்திருக்க வேண்டியது கேட்பவருக்கு. அவர் 'எந்தப் புத்தகம்?' என்று கேட்க இடமிருந்தால் ஏ. கேட்காமலே புரியுமென்றால் தி. அறையில் ஒரே கதவு இருக்கும்போது 'க்ளோஸ் தி டோர்' என்கிறோமே, அதுதான்.

தமிழே இதற்குக் கை கொடுக்கும். 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒன்று. 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் ஏற்கெனவே பேச்சில் இருந்த புத்தகம். அந்த ஐ உருபு வருகிற இடத்தில் பெரும்பாலும் தி வரும். ஆட்களுக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். 'ஒரு பையனைப் பார்த்தேன்' என்பதிலும் ஐ உண்டு, ஆனால் அது ஏ பாய். எழுவாயில் உருபு இல்லை, அங்கே 'ஒரு' இருக்கிறதா என்று பாருங்கள். 'ஒரு பஸ் வந்தது' என்றால் ஏ. நிறுத்தத்தில் காத்திருக்கும்போது 'பஸ் வந்துவிட்டது' என்றால் தி.

ஏ, ஆன் இரண்டில் எது என்பதை எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஹெச்சில் தொடங்கும் 'அவர்' (hour) உயிரொலியில் ஆரம்பிப்பதால் ஆன் அவர். யுவில் தொடங்கினாலும் ஒலி 'ய' என்பதால் ஏ யூனிவர்சிட்டி. ஆன் எம்.எல்.ஏ., ஆன் எஃப்.ஐ.ஆர்.

இடப்பெயர்களை மனப்பாடம் செய்வதே நல்லது. இந்தியா, எவரெஸ்ட் வெறுமனே வரும். ஆறுகளுக்கும் மலைத்தொடர்களுக்கும் தி உண்டு: தி காவேரி, தி ஹிமாலயாஸ். நாடுகளிலும் தி நெதர்லாண்ட்ஸ், தி பிலிப்பைன்ஸ் என்று சில.

இலக்கணம் திருத்தும் செயலிகள் விட்டுப்போன ஏவைக் கண்டுபிடிக்கும். ஆனால் கேட்பவருக்கு என்ன தெரியும் என்பது அவற்றுக்குத் தெரியாது. அந்த முடிவை நீங்களே எடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த சிலர் பன்மை பற்றிக் கேட்டிருந்தார்கள். ஒரு வகையைப் பொதுவாகச் சொல்லும்போது தி வேண்டாம்: 'ஐ லைக் மேங்கோஸ்'. நீங்கள் வாங்கி வந்த மாம்பழங்கள் என்றால் 'தி மேங்கோஸ்'. இன்னொரு கேள்வி, ஸ்கூலுக்கு முன்னால் தி வருமா? படிக்கப் போகும் பிள்ளை 'கோஸ் டு ஸ்கூல்'. ஃபீஸ் கட்டப் போகும் அப்பா 'கோஸ் டு தி ஸ்கூல்'.